கை வைத்து, கழுத்தை மூடி, கணுக்கால் வரை

என் நாத்தனார் பம்பாயிலிருந்து வந்து இறங்கும் ஒவ்வொரு மே மாதமும் எங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். ஒரு வருடம் அடிபம்பு. இன்னொரு வருடம் என் மாமியாரின் வயிறு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், பெட்டியிலிருந்த புடவைகளை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து அவர் என் மடியில் போட்டபோது, இந்த முறை கெடப்போவது என் முதுகு என்று தெரிந்துவிட்டது.

உறையின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முழங்காலோடு நின்றுவிட்ட கவுன். தோளில் இரண்டு நாடா, அவ்வளவுதான். இடுப்பை இரண்டு கைகளுக்குள் அடக்கிவிடலாம். வெயில்காலக் கவுன் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. சித்திரை மத்தியானத்தில் அவளைக் கோயிலின் வெளிப்பிராகாரத்துக் கல்லில் செருப்பில்லாமல் நிறுத்தியிருந்தால் வெயில்காலம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டிருப்பாள்.

"அமெரிக்கா பேட்டர்ன். எங்க மாடி வீட்டுக்காரங்க பொண்ணு அங்கேருந்து அனுப்பிச்சது," என்றார் நாத்தனார். "எல்லாம் பேப்பர்ல ரெடியா இருக்கு. துணி மேல வெச்சி வெட்டி, தைக்க வேண்டியதுதான். மூளையே தேவையில்ல. என் பொண்ணுக்கு ஒண்ணு தைச்சிக் குடுத்துடு."

மூளை தேவையில்லாத வேலை என்பதால்தான் என்னைத் தேடி வந்திருந்தார் போலும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தையல் வகுப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதித் தேறியவள். அப்பா சீராகக் கொடுத்த தையல் மிஷினும் என்னோடு இந்த வீட்டுக்கு வந்தது. அது வந்த பிறகு இந்தக் குடும்பத்தில் துணி கிழியாத நாள் இல்லை. தலையணை உறை, ஜாக்கெட் கை, என் கணவரின் ஆபீஸ் நண்பர்களுடைய மனைவிகளின் உள்பாவாடை எல்லாம் என்னிடம்தான் வரும். "அவகிட்ட குடு, சும்மாதான இருக்கா" என்பது என் மாமியாரின் நிரந்தர வாசகம். மூன்று வேளைச் சமையலையும் முடித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்து மிதிப்பதற்கு எங்கள் வீட்டில் சும்மா இருப்பது என்று பெயர்.

"அளவு எடுக்கணும் அண்ணி," என்றேன்.

"அளவு எதுக்கு? கவர் மேலயே போட்டிருக்கே, சைஸ் பன்னெண்டுனு. இவளுக்கு வயசு பதினாலு. ரெண்டு வயச சேத்து வெட்டிக்கோ."

வேடிக்கையாகச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. இத்தனை வருடம் பம்பாயில் குடித்தனம் நடத்தியவர், ஊருக்கு வந்தால் எங்களுக்குத் தயிர் உறையூற்றக்கூடத் தெரியாது என்பதுபோலப் பேசுகிறவர், உடம்பின் அளவை வயது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவரைத் திருத்துவது என் வேலை இல்லை.

துணியும் அவரே வாங்கி வந்திருந்தார். வெள்ளையில் பெரிய பெரிய மஞ்சள் பூ போட்ட மில் துணி. உறையில் எவ்வளவு துணி வேண்டும் என்று கஜத்தில் போட்டிருந்ததை அவர் மீட்டர் என்று நினைத்து வாங்கிவிட்டார். மீட்டர் கஜத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தக் கவுனுக்காக அவர் செய்த ஒரே நல்ல காரியம் அந்தத் தப்புதான்.

அவர் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, பெண்ணைக் கிணற்றடியில் நிறுத்தி அளவெடுத்தேன். உறையில் இருந்தவள் ஒட்டகச்சிவிங்கி. இவள் குட்டையான உடம்பு, அகலமான தோள், எங்கள் வீட்டு ஆண்களின் தோள். டேப்பைச் சுற்றும்போது அவள் கூச்சத்தோடு நெளிந்தாள்.

"அத்தை, அந்தப் படத்துல இருக்கிற மாதிரியே வேணும். கை வேணாம். எங்க காலனில எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"உங்க அம்மா ஒத்துக்குவாங்களா?"

"அம்மாதான இத வாங்கிட்டு வந்தாங்க," என்றாள். பாவம், அவளுக்குத் தன் அம்மாவைப் பம்பாயில் மட்டும்தான் தெரியும்.

அந்தக் காகிதம் வெங்காயச் சருகைவிட மெல்லிசு. தரையில் விரித்தால் மின்விசிறிக் காற்றில் பறந்தது. விசிறியை நிறுத்திவிட்டு, அம்மிக் குழவியும் ஆழாக்கும் வைத்து அழுத்தி, வியர்வை சொட்டாமல் முந்தானையால் முகத்தை ஒற்றி ஒற்றி வேலை செய்தேன். வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் விசிறி ஓடும் அறையில் படுத்துக்கொண்டு இன்னும் முடியவில்லையா என்று கேட்டார்கள்.

மூலக் காகிதத்தில் கத்தரி வைக்காமல், பழைய செய்தித்தாளில் அதைப் படியெடுத்தேன். அந்த நெட்டைக்காரிக்கு இடுப்பு வரும் இடத்தில் எங்கள் பெண்ணுக்குத் தொடை தொடங்கியது. அதனால் மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே காகிதத்தைக் குறுக்கே மடித்துக் குறைத்தேன். இடுப்பில் நெடுக வெட்டி, விலக்கி, அகலப்படுத்தினேன். தோளைத் தள்ளி வரைந்தேன். மூளை தேவையில்லாத அந்த வேலைக்கு ஒரு பகல் முழுக்கப் போனது. அதன் பிறகும் நல்ல துணியில் கைவைக்காமல், என் கணவரின் கிழிந்த வேட்டி ஒன்றில் முதலில் வெட்டி, பெரிய தையலாகத் தைத்துப் பார்த்தேன்.

"நல்ல வேட்டிய வீணாக்குறா பாரு," என்றார் நாத்தனார். அது நல்ல வேட்டியாக இருந்த காலத்தில் அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.

பெண் அந்த வேட்டிக் கவுனைப் போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடியின் முன்னால் நின்றாள். ஒரு இடத்திலும் சுருக்கமில்லை. தோள் நாடா இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இடுப்பு இடுப்பில் இருந்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், பிறகு முதுகைப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. உறையில் இருந்தவளைவிட இவள் நன்றாக இருந்தாள். நான் தையல் கற்றதற்கு அந்த ஒரு நிமிஷம் கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் என் மாமியார் உள்ளே வந்தார்.

"இன்னா இது? பாதி தைச்சதோட நிறுத்திட்டியா?"

"இவ்வளவுதான் அத்தை. படத்துல இப்படித்தான் இருக்கு."

"படத்துல இருக்கிறவ நம்ம தெருவுல நடக்கப்போறாளா? கை வைய்யி."

நாத்தனாரைப் பார்த்தேன். அமெரிக்கா பேட்டர்னுக்காக அவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா சொல்றதும் சரிதான்," என்றார் கடைசியில். "வர்ற வாரம் கீழ்பென்னாத்தூர்ல எங்க மாமனார் வீட்டுக்குப் போகணும். அங்க இத போட்டுட்டுப் போனா என் தலைதான் உருளும். கை வெச்சிடு. கொஞ்சம் இறக்கமாவும் தைச்சிடு."

பெண்ணை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் ஒரு திருத்தம் வந்தது. முதலில் கை தோளுக்குக் கீழே நான்கு விரல். மறுநாள் அதுவே முழங்கை வரை. உறையில் கைக்கு வெட்டுக் காகிதமே கிடையாது. என் ஜாக்கெட் கையை வைத்து நானே வரைந்து, கைக்குழியை இறக்கினேன். முழங்காலில் நின்றது கெண்டைக்காலுக்கு வந்தது, அங்கிருந்து கணுக்காலுக்கு. கழுத்தை மூடச் சொன்னார் மாமியார். மூடினேன். இடுப்பில் பிடிக்கிறது, பொம்பளப் பிள்ளைக்கு இப்படிப் பிடிக்கக் கூடாது என்றார். இடுப்புத் தையலையே எடுத்துவிட்டு, மார்புக்கு மேலே ஒரு பட்டி வைத்து, அதிலிருந்து சுருக்கு விட்டுத் துணியைக் கீழே தொங்கவிட்டேன். என் கணவரிடமும் கேட்டார்கள். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "அம்மா சொல்ற மாதிரி தைச்சிடு," என்றார். அந்த மனிதர் எந்தக் கேள்விக்கும் இந்த ஒரு பதிலைத்தான் வைத்திருந்தார். வீடு கட்டும்போதும் இதைத்தான் கொத்தனாரிடம் சொன்னார்.

கஜத்தை மீட்டராக எண்ணியதால் மிஞ்சிய துணி கைகளுக்குச் சரியாகப் போனது. இறக்கத்துக்குப் போதவில்லை. கடைத்தெருவில் நாங்கள் வழக்கமாகத் துணி எடுக்கும் பாய் கடைக்குப் போனேன். மஞ்சள் பூவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த டிசைன் இங்க கிடைக்காதும்மா. கலர்ல ஒட்டுப் போடுங்க," என்றார். காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு துண்டு வாங்கி வந்து கீழே பட்டையாகக் கொடுத்தேன்.

இவ்வளவு மட்டமான யோசனைகளை இவ்வளவு நேர்த்தியாக நான் வேறு எதிலும் தைத்ததில்லை. ஒரு நூல் வெளியே தெரியாது. அது என் பிடிவாதம். முட்டாள்தனம் அவர்களுடையதாக இருக்கட்டும், கோணல் தையல் என்னுடையதாக இருக்கக் கூடாது.

பெண் போட்டுப் பார்த்தாள். மூட்டைக்குத் தலை முளைத்ததுபோல இருந்தது. கண்ணாடியின் முன்னால் ஒரு விநாடிகூட நிற்கவில்லை.

"நான் போட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அழுதாள்.

நாத்தனார் உடனே என் பக்கம் திரும்பினார். "பேட்டர்ன கெடுத்துட்ட. அமெரிக்காக்காரன் அளவா போட்டுக் குடுத்தத இப்படியா நாசம் பண்ணுவாங்க? தையல் கிளாஸ்ல பாஸ் பண்ணாளாம்."

எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் மனைவி அப்போது கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழ வேண்டும் என்றே நாத்தனார் சொன்னார். என் மாமியார் தன் கைவேலை அதில் எதுவும் இல்லை என்பதுபோல வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் பதில் சொன்னால் எதிர்வீட்டுக்காரிக்குக் காப்பியோடு பலகாரமும் கொடுத்ததுபோல ஆகும்.

அவர்கள் பம்பாய்க்குக் கிளம்பும்போது நாத்தனார் அந்த உடையை என் மிஷின் மேல் வைத்தார். "வீடு தொடைக்க வெச்சிக்கோ. துணி நல்ல துணி." உறையை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பெண் பின்தங்கி என்னிடம் வந்து, "அத்தை, அந்த வேட்டில தைச்சத நான் எடுத்துக்கிட்டேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஓடினாள். அந்த வீட்டில் மூளை உள்ள ஒரு ஆள் இருந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஊரை ஒட்டி நிற்கும் மலையும் ஒரு அடுப்பு. சமையலறையில் விறகடுப்பு வேறு. புடவை, உள்பாவாடை, ஜாக்கெட் எல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உடம்பெல்லாம் வேர்க்குரு. ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவளுக்கு மறுபடியும் அந்த ஈர ஜாக்கெட்டுக்குள் கையை நுழைக்க மனம் வரவில்லை. மிஷின் மேல் கிடந்ததை எடுத்துத் தலைவழியாகப் போட்டுக்கொண்டேன்.

எனக்கு அது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. மற்றபடி எங்கும் பிடிக்கவில்லை. நடந்தபோது காலுக்கிடையில் காற்று போனது. கல்யாணத்துக்குப் பிறகு என் இடுப்பில் எதுவும் இறுக்காத முதல் பகல் அது. அடுப்பு முன்னால் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினேன். யாரிடமும் கோபம் வரவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாமியார் தண்ணீர் குடிக்க வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா கோலம் இது?"

"அண்ணி வீடு தொடைக்கச் சொன்னாங்க. தொடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ போட்டுப் பாக்கலாம்னு."

"கழட்டு. நாலு பேர் வந்து போற வீடு."

"நீங்க சொன்னபடிதான அத்தை தைச்சேன்? கை இருக்கு. இறக்கம் இருக்கு. கழுத்து மூடியிருக்கு. இடுப்புல பிடிக்கல. பொடவையில இடுப்பும் முதுகும் தெரியுது, இதுல அதுகூடத் தெரியல. எது கம்மினு சொல்லுங்க, அதையும் சேத்துடறேன்."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். குறை தேடினார். அவரே மூடச்சொன்ன இடங்கள் எல்லாம் மூடியிருந்தன.

"பொடவ இல்லியே," என்றார்.

தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார். சாயந்தரம் என் கணவர் வந்ததும் புகார் போனது. அவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா சொல்ற மாதிரி..." என்று ஆரம்பித்தார். "அம்மா சொன்ன மாதிரிதான் தைச்சிருக்கேன்," என்றேன். அதற்கு மேல் அவரிடம் வாக்கியம் இல்லை. "வாசப்பக்கம் மட்டும் வராத," என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி, வெறும் உடம்போடு வாசலில் போய்க் காற்று வாங்க உட்கார்ந்தார். அதை நான் மறக்கவே இல்லை.

தெருவுக்குச் செய்தி போக அதிக நேரம் ஆகவில்லை. ஹெட்மாஸ்டர் மனைவி என்னைச் சர்க்கஸ்காரி என்று சொன்னதாகப் பால்காரி வந்து சொன்னாள். பக்கத்து வீட்டில், நான் மலையடிவாரத்து ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரிகளோடு பழகிக் கெட்டுவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஆசிரமத்துப் பக்கம் இருந்த வெள்ளைக்காரிகள் எல்லாரும் புடவை கட்டிக்கொண்டுதான் திரிந்தார்கள் என்பதை இந்த மேதாவிகள் கவனிக்கவில்லை.

அடுத்த கோடை வருவதற்குள் அதே ஹெட்மாஸ்டர் மனைவி, மத்தியானம் தெரு அடங்கின சமயத்தில், கொல்லைப்பக்கக் கதவைத் தட்டினார். முந்தானைக்குள் துணிச்சுருள்.

"நீ போட்டிருக்கல்ல, அது மாதிரி ஒண்ணு. எனக்கு இல்ல. என் தங்கச்சிக்கு."

"தங்கச்சி அளவு?"

"என் அளவுதான்," என்றார் கூரையைப் பார்த்துக்கொண்டே.

அவருக்கு அடுத்து பக்கத்து வீடு. அந்த வீட்டுக்காரிக்கும் தங்கச்சிதான். எங்கள் தெருவில் இத்தனை பேருக்குத் தங்கச்சிகள் இருப்பதும், எல்லாத் தங்கச்சிகளும் அக்காவின் உடம்பிலேயே இருப்பதும் அதுவரை எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் தைத்துக் கொடுத்தேன். ஒவ்வொருத்தியின் அளவையும் அவளை வைத்தே எடுத்துவிட்டு, "தங்கச்சி சௌக்கியமா?" என்று கேட்பேன். வெட்கப்பட்டவள் ஒருத்திகூட இல்லை. பிறகு கடைகளிலேயே நைட்டி என்று பெயர் போட்டுத் தொங்கவிட்டார்கள். அப்போது தங்கச்சிகள் மறைந்து அக்காக்கள் வெளியே வந்தார்கள். தெருக்குழாய்க்கு வரும்போது தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். அந்தத் துண்டு இருந்தால் கௌரவம் இருக்கிறது என்று யாரோ இவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

என் மாமியார் மட்டும் அசையவில்லை. அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பே இருந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று அவரிடம் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில் அவர் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஒரு கையால் புடவை கட்ட முடியாது. நான்தான் கட்டிவிட வேண்டும். கொசுவம் சரியில்லை, உயரமாகிவிட்டது, அவிழ்ந்துவிடும் என்று ஒவ்வொரு வேளையும் சண்டை. ஜாக்கெட் கைக்குள் அந்தக் கட்டு நுழையவே இல்லை. பழைய ஜாக்கெட் ஒன்றின் கையை நான் கத்தரிக்க வேண்டியிருந்தது. ஒரு காலையில், என்னை உதறிக்கொண்டு தானே கட்டப் பார்த்து, பாதிப் புடவை கையிலும் பாதி தரையிலுமாகக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவரைக் கேட்காமலே மிஷினில் உட்கார்ந்தேன். தடித்த பருத்தித் துணி, பூ எதுவும் இல்லாமல். தலைவழியாகப் போட முடியாது என்பதால் முன்பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரை திறப்பு, பெரிய பித்தான். வலது கையை மட்டும் தோள் வரை பிளந்து, கட்டின் மேல் மூடிக் கட்டிக்கொள்ள நாடா வைத்தேன். சாயந்தரம் கட்டிலில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் அதையும் என்னையும் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கதவ சாத்து," என்றார்.

கட்டுப் பிரித்த பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. இன்னும் இரண்டு கேட்டார். கேட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. "தோய்க்கப் போட்டா மாத்துத் துணி இல்ல," என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். வருகிறவர்கள் கண்ணை ஓட்டினால், யாரும் கேட்பதற்கு முன்னால், "டாக்டரு போடச் சொன்னாரு," என்பார். எலும்பு டாக்டருக்குத் துணி விஷயம் என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மாவைப் பார்க்க நாத்தனார் வந்தார். பெட்டியிலிருந்து வழவழவென்று ஒரு துணியை எடுத்து உதறினார். ரோஸ் நிற நைலான் நைட்டி. கழுத்திலும் கையிலும் லேஸ்.

"எங்க பாம்பேல இப்ப எல்லாரும் வீட்ல இதான்மா போடுறாங்க. இங்கல்லாம் இன்னும் சரியா வரல. உனக்குன்னு வாங்கிட்டு வந்தேன்."

என் மாமியார் நைட்டியோடு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் நைட்டியோடு காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். நாத்தனாரின் கண்ணில் எதுவும் படவில்லை. மஞ்சள் பூ போட்ட அந்தப் பழையது கிழிந்து, உண்மையிலேயே வீடு துடைக்கப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவருக்கு ஞாபகமும் இல்லை. அவருக்கு நினைவூட்ட நான் முயலவில்லை. தன் பெண் அந்த வேட்டிக் கவுனை எடுத்துக்கொண்டு போனதுகூட அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

மாமியார் அந்த லேஸை விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"குத்துது," என்றார். "கை உள்ள போவாது. காத்தும் போவாது." அதை அப்படியே சுருட்டி என்னிடம் நீட்டினார். "பிரிச்சா எதுக்காவது ஆவுமா பாரு. தலகாணி ஒறைக்கு."

நாத்தனாரின் முகம் சிறுத்தது. நான் வாங்கி மிஷின் மேல் வைத்தேன். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன். இன்னொருத்தரைத் திட்டுவதன் வழியாகத்தான் அந்த வீட்டில் பாராட்டு வரும்.

நாத்தனார் குளிக்கப் போனதும் மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்தது தைக்கும்போது பக்கத்துல ஒரு பை வெச்சிடு. வெத்தலப் பை வெக்க எடமில்ல. பொடவையா இருந்தா இடுப்புல சொருவிக்குவேன்."

"எந்தப் பக்கம்?"

அவர் யோசித்தார். வலது கையை மெதுவாக இடுப்பருகே கொண்டுபோனார். அது பாதியிலேயே நின்றது. மணிக்கட்டு அதன் பிறகு சரியாக வளையவே இல்லை.

"உனக்குத் தெரியாதா?" என்றார் எரிச்சலோடு.

இடது பக்கம் வைத்தேன். கொஞ்சம் ஆழமாக, குனிந்தாலும் பாக்கு கொட்டாதபடி.